லிக்விடா, பவுடரா?

குளத்தம்மா பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டைத் தாண்டி, செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. நாச்சிமுத்து எதிரே வந்து நின்றுகொண்டார்.

"லிக்விடுங்களா, பவுடருங்களா? ஏதோ ஒண்ணச் சொல்லிப்போடுங்க."

"முதல்ல தண்ணி குடிச்சுக்கறேன்," என்றார் குளத்தம்மா.

சொம்பை எடுத்து நிதானமாகக் குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நாச்சிமுத்து ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். சொம்பு கீழே இறங்கியதும் மறுபடியும் கேட்டார்.

"லிக்விடுங்களா, பவுடருங்களா?"

"பாவாத்தா எங்கே?"

"அந்தக் கழுதை குளத்தோரம் உக்காந்து குளத்தையே பாத்துட்டு இருக்குதுங்க. அதுக்காகத்தான் கேக்கறேன்."

தாராபுரம் போகிற சாலையில், யாரோ ஒருவர் அறைகளும் ஓட்டலுமாகக் கட்டி, ஆள் வராமல் அப்படியே விட்டுவிட்டுப் போன இடம் அது. ஓட்டல் கூரை ஒழுகியது. அறைகளில் பாதிக்குக் கதவில்லை. நீச்சல் குளம் மட்டும் உருப்படியாக இருந்தது. அந்தக் குளத்துக்காகத்தான் குளத்தம்மா அங்கே வந்தார். தரையில் நிற்க முடியாதவர்களைத் தண்ணீரில் நிற்கப் பழக்குவது அவர் வேலை. மனசு ஓரிடத்தில் நிற்காதவர்களும் வந்தார்கள். அவர்களையும் அதே தண்ணீரில்தான் இறக்கினார். உபதேசம் என்று எதுவும் செய்வதில்லை. கேட்டால் ஒரு வார்த்தை சொல்லுவார். பல சமயம் அதுவும் கிடைக்காது. அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை.

நாச்சிமுத்து ஈரோட்டில் பைப்பும் மோட்டாரும் விற்றவர். தலைச்சுமை தூக்கி ஆரம்பித்துக் கடை முதலாளி ஆனவர். யார் என்ன விலை சொன்னாலும், "வேண்டாம்" என்று எழுந்து நடந்துவிடுவார். பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். அந்தப் பத்தடியில்தான் அவர் வீடு கட்டினார், கடை கட்டினார், மகனுக்குக் கல்யாணம் கட்டினார். கோபம் வந்துவிட்டால் எதிரே நிற்பவர் கலெக்டரா, கண்டக்டரா என்று பார்க்கமாட்டார்.

அவருடைய தங்கை பாவாத்தாள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆயிற்று. எலும்பு கூடியது, கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தினமும் நடந்து பழகாவிட்டால் மூட்டு அப்படியே இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தரையில் அவளால் நிற்கவே முடியவில்லை. இங்கே கூட்டிவந்த முதல் நாள், குளத்தம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் பாவாத்தாள் நாலு எட்டு வைத்தாள். கரையில் நின்ற நாச்சிமுத்து மூக்கைச் சிந்தினார். அடுத்த வாரமே கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, பாயும் தலையணையுமாக வந்து சேர்ந்தார். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரான பெண்மணியை அம்மா என்று கூப்பிட அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இருக்கவில்லை. கடையில் வாங்கினாலும் குருவிடம் வாங்கினாலும் சரக்கு நல்லதா என்றுதான் பார்க்க வேண்டும் என்பார்.

அந்தக் குளத்துக்கு இரண்டு விதிகள் உண்டு. யார் இறங்குவதற்கும் முன்னால், ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்து மாத்திரை ஒன்றைப் போட வேண்டும். தண்ணீர் இளஞ்சிவப்பு அரளிப்பூ நிறத்துக்கு வர வேண்டும். வந்தால் கிருமியைக் கொல்கிற குளோரின் மருந்து போதுமான அளவு இருக்கிறது, இறங்கலாம். இது ஒரு விதி. குளத்தில் மருந்து போட்டவர் யாரோ, அவர்தான் முதலில் இறங்க வேண்டும். இது இன்னொன்று.

போன வாரம் உடுமலைப் பக்கம் பழைய மாணவி ஒருத்திக்கு உடம்புக்கு முடியாமல் போக, குளத்தம்மா சாவியை நாச்சிமுத்துவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் போன மறுநாளே கோடை மழை காற்றோடு அடித்தது. குளம் நிறைய வேப்பிலை, தூசி. விடிந்து பார்த்தால் தண்ணீர் பாசிப்பச்சை. நாச்சிமுத்து போன் போட்டார்.

"தண்ணி கெட்டுப்போச்சுங்கம்மா. லிக்விட் வாங்கட்டுங்களா, பவுடர் வாங்கட்டுங்களா?"

"இருக்கறதுல கொஞ்சம் போட்டுட்டுப் பொறுங்க," என்று பதில் வந்தது.

பொறுங்க என்பது ஒரு பதிலா? அன்று முழுக்க அதையே நினைத்து நாச்சிமுத்துவுக்கு எரிந்தது. யாரும் எதையும் முடிவாகச் சொல்லாதபோது அவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அதைச் செய்தார். குளோரின் லிக்விடில் ஒரு லோடு, பிளீச்சிங் பவுடரில் ஒரு லோடு, இரண்டையும் அடிமாட்டு விலைக்கு இறக்கினார்.

முதலில் லிக்விட் ஊற்றினார். மாத்திரை போட்டுப் பார்த்தார். லேசாகக்கூடச் சிவக்கவில்லை. கேன்கள் தகரக் கொட்டகையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. இன்னும் ஊற்றினார். சிவக்கவில்லை. திட்டிக்கொண்டே பவுடருக்கு மாறினார். கரைக்காமல் மூட்டையை அப்படியே கவிழ்த்தார். குளம் பாலாக ஆயிற்று. இரவு பகலாக ஃபில்டரை ஓட்டி, அடியில் படிந்த சுண்ணாம்பை உறிஞ்சி எடுத்தார். தண்ணீர் தெளிந்தது. கண்ணாடி மாதிரித் தெளிந்தது. மாத்திரை போட்டால் குழாயும் கண்ணாடி மாதிரியே இருந்தது. மறுபடி பவுடர், மறுபடி லிக்விட். பகலில் வெயில் மருந்தைத் தின்றுவிடும் என்று யாரோ சொன்னார்கள். காசு கொடுத்து வாங்கிய மருந்தைச் சூரியன் ஓசியில் தின்பதா என்று, குளத்துக்கு மேலே பச்சை வலையைக் கட்டி மூடினார்.

குழாய் வெள்ளையாகவே இருந்தது.

அந்த வாரம் முழுக்கப் பாவாத்தாள் தண்ணீரில் கால் வைக்கவில்லை. நேற்று இரவு கட்டிலில் முழங்காலை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டதை நாச்சிமுத்து பார்த்துவிட்டார். விடிந்ததும் இரண்டு வியாபாரிகளுக்கும் போன் போட்டு, ஒரே நேரத்துக்கு வரச் சொன்னார்.

இப்போது இரண்டு பேரும் கேட்டருகே புங்க மரத்தடியில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். லிக்விட் திருமலைசாமியின் வேனில் நீலக் கேன்கள். பவுடர் ஜாபர் பாயின் லோடு ஆட்டோவில் டிரம்கள். ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க ரெண்டு பேரையும் எதுக்கு ஒண்ணா வரச் சொன்னீங்க?" என்று கேட்டார் குளத்தம்மா.

"ஒருத்தன் மூஞ்சியப் பாத்து இன்னொருத்தன் விலையக் கொறைப்பானுங்க. நீங்க எதுன்னு மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

குளத்தம்மா மரத்தடிக்குப் போனார். நாச்சிமுத்து பின்னாலேயே போனார்.

"பவுடர் வாங்கலாமா?" என்று குளத்தம்மா லிக்விட்காரரைக் கேட்டார்.

திருமலைசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "தாராளமா வாங்குங்க. சுண்ணாம்புக் காளவாய் வெக்கறதா இருந்தா வாங்குங்க. உங்க போர்த் தண்ணியே உப்பு. அதுல இவரு சுண்ணாம்பும் சேந்தா டைல்ஸெல்லாம் சொரசொரன்னு ஆயிரும். ஃபில்டர் அடைச்சுக்கும். மறுபடி மறுபடி தொடைச்சுட்டே இருக்க வேண்டியதுதான்."

"லிக்விட் வாங்கலாமா?" என்று பவுடர்காரரைக் கேட்டார்.

"நல்லா வாங்குங்கம்மா," என்றார் ஜாபர் பாய். "லிக்விட் வாங்கறது ஐஸ்கட்டி வாங்கற மாதிரி. கடையில இருந்து வீடு வர்றதுக்குள்ள பாதி போயிடும். ஒரு வாரம் வெயில்ல வைங்க. அப்புறம் கேன்ல இருக்கறது தண்ணி. விலை மட்டும் மருந்து விலை."

"பாய்க்கு வாய் இனிப்பு," என்றார் திருமலைசாமி.

"உங்க கேன்ல இருக்கறதவிட காரம் ஜாஸ்தி," என்றார் பாய்.

"சரி, உங்க சரக்குல என்ன குறை?" என்று குளத்தம்மா இருவரையும் பார்த்துக் கேட்டார்.

"என் சரக்குலயா?" என்று இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள். அப்புறம் இருவரும் டீயைப் பார்த்தார்கள்.

குளத்தம்மா திரும்பி நடந்தார். "ரெண்டு பேரும் பொய் சொல்லல. அடுத்தவர் சரக்கைப் பத்திச் சொல்றப்ப."

"அப்ப ரெண்டுமே வேஸ்ட்டுங்களா?" நாச்சிமுத்துவுக்குக் குரல் ஏறியது. "நானும் அதத்தான் சொல்றேன். ரெண்டு பயலும் கலப்படம் பண்றானுக. கேன் கேனா ஊத்தியாச்சு, மூட்டை மூட்டையாக் கொட்டியாச்சு, ஒரு துளி செவக்கல. இந்த ஊர்ல எதத்தான் நம்பறது? போன மாசம் சந்தையில இந்தத் துண்டு வாங்கினேன். சாயம் போகாது, அடிச்சுத் தொவைக்கலாம்னு சத்தியம் பண்ணினான். பாருங்க, எப்படி இருக்குதுன்னு. நேத்துத்தான் போன்ல அவனப் புடிச்சு..."

அவர் பேச்சு பாதியில் நின்றது. குளத்தம்மா வேகமாக நடக்க ஆரம்பித்திருந்தார். அவர் வேகமாக நடந்து நாச்சிமுத்து பார்த்ததே இல்லை.

குளத்தின் படிக்கட்டருகே சக்கர நாற்காலி காலியாக இருந்தது. பாவாத்தாள் கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி மேல்படியில் உட்கார்ந்து, வலையை ஒரு பக்கம் விலக்கி, ஒரு காலைத் தூக்கித் தண்ணீருக்கு மேலே நீட்டியிருந்தாள்.

"பாவு, நில்லு," என்றார் குளத்தம்மா.

கால் அப்படியே நின்றது.

"தண்ணி தெளிஞ்சிருச்சுங்கம்மா," என்றாள் பாவாத்தாள். "அடியில டைல்ஸ் கோடுகூடத் தெரியுது. இன்னும் எத்தன நாளைக்கு இத வேடிக்கை பாக்கறது? என் காலு மரக்கட்டையாப் போனதுக்கு அப்புறமா?"

நாச்சிமுத்து ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிறகு அவர் மனசும் தங்கை பக்கம் சாய்ந்தது. "அது சொல்றதும் நெசந்தானுங்க. ஒரே ஒரு நாளு எறங்கிட்டுப் போவட்டும். மருந்தே இல்ல, வெறுந்தண்ணி. வெறுந்தண்ணி என்னுங்க பண்ணப்போவுது? ஆத்துல எறங்கறது இல்லயா?"

"வெறுந்தண்ணியா?"

"நீங்களே பாருங்க." பையிலிருந்து குழாயை எடுத்தார், குனிந்து தண்ணீர் பிடித்தார், மாத்திரையைப் போட்டார், குளத்தம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். வெள்ளை.

"போட்டவர் முதல்ல," என்றார் குளத்தம்மா.

"இதோ எறங்கறேன். எனக்கென்ன பயமா?" நாச்சிமுத்து சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். துண்டை எடுத்து நாற்காலி மேல் வீசினார். குளத்தம்மா அதை எடுத்துப் பார்த்தார். அங்கங்கே பச்சை, மற்றபடி பழுப்பும் வெள்ளையும்.

"என்ன நிறம் சொல்லி வாங்கினீங்க?"

"கிளிப்பச்சைங்க. அதான் சொன்னேனே, ஏமாத்திட்டான்."

"எங்கே அலசினீங்க?"

நாச்சிமுத்துவின் கை மூன்றாவது பொத்தானில் நின்றது.

"எங்கேங்க அலசறது... கை நனைக்கறப்ப இங்கதான் முக்கிப் புழிவேன்." அவர் குளத்தைப் பார்த்தார். "தெனமும்."

ஃபில்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

குளத்தம்மா குழாயை வாங்கி அதிலிருந்ததைக் கீழே கொட்டினார். நாச்சிமுத்து நீட்டிய மாத்திரை டப்பியைத் திறந்து ஒன்றை எடுத்துக்கொண்டார். குளத்துத் தண்ணீரைக் குழாயின் அடி மறையும் அளவுக்கு மட்டும் எடுத்தார். பாவாத்தாளின் நாற்காலிப் பையில் குடிக்கிற தண்ணீர் பாட்டில் இருந்தது. காலையில் கிணற்றிலிருந்து பிடித்தது. அதைக் குழாயின் கழுத்துவரை ஊற்றினார். மாத்திரையைப் போட்டார்.

சிவந்தது. அரளிப்பூ நிறமல்ல. பீட்ரூட் நறுக்கிய கைபோல் அப்படியே ரத்தச் சிவப்பாகச் சிவந்து நின்றது.

நாச்சிமுத்து குழாயைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். மறுபடி குழாயைப் பார்த்தார்.

"இதெப்படிங்க? கிணத்துத் தண்ணியிலயா மருந்து?"

"கிணத்துல ஒண்ணும் இல்ல. இது உங்க ஒரு சொட்டு."

"அப்ப இத்தன நாளும் ஏனுங்க வெள்ளையாவே..."

"வெளுக்கற மருந்துதானே," என்றார் குளத்தம்மா. "அளவுல இருந்தா மாத்திரை சிவக்கும். அளவு மீறிட்டா அந்தச் சிவப்பையும் வெளுத்துடும். உங்க துண்டை வெளுத்த மாதிரி."

பாவாத்தாள் நீட்டிய காலை இரண்டு கைகளாலும் பிடித்து மெல்லப் படிக்கு மேலே இழுத்துக்கொண்டாள்.

"நான் பாத்தேண்ணா," என்றாள். "மாத்திரை விழுந்ததும் கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள ஒரு செவப்பு வந்துட்டுப் போவும். தெனமும் பாத்தேன். உங்கிட்டச் சொன்னேன். நீ அதுக்குள்ள அடுத்த கேனைத் தூக்கப் போயிட்டே."

நாச்சிமுத்து நாற்காலியில் உட்காரப் போனார். அது தங்கையின் சக்கர நாற்காலி என்று தெரிந்து எழுந்துகொண்டார். கண்கள் எரிந்தன. ஒரு வாரமாகவே எரிந்துகொண்டிருந்தன. தூக்கமில்லாததால் என்று நினைத்திருந்தார்.

"இப்ப என்ன போட்டா இது கொறையுமுங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் போடாம இருந்தா."

"ஒண்ணும் போடாமயா?"

"வலையை எடுங்க. வெயில் தின்னட்டும்."

"எத்தன நாளைக்குங்க?"

"அதை வெயிலைக் கேளுங்க. முதல்ல மரத்தடியில இருக்கறவங்களை அனுப்பிட்டு வாங்க."

நாச்சிமுத்து மரத்தடிக்குப் போனார். வாழ்நாள் முழுக்க ஆயிரம் தடவை சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார்.

"வேண்டாமுங்க."

சொல்லிவிட்டு நடக்கவில்லை. அங்கேயே நின்றார். நிஜமாகவே வேண்டாம் என்பதால் எங்கே நடப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

திருமலைசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். விலை படியாத இடத்தில் நாச்சிமுத்து நகராமல் நிற்பதை அவர் இதுவரை பார்த்ததில்லை. இது ஏதோ புது வித்தை என்று நினைத்து, விலையைக் குறைத்தார்.

"வேண்டாமுங்க," என்றார் நாச்சிமுத்து.

ஜாபர் பாய் அதற்கும் கீழே சொன்னார்.

"சத்தியமா வேண்டாம் பாய்."

"சத்தியம் பண்ற அளவுக்கு வந்துட்டீங்க," என்று பாய் இன்னும் ஒரு படி இறங்கினார். திருமலைசாமி வேன் வாடகையைத் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். பாய் டிரம்முக்குத் தனியாகக் காசு வேண்டாம் என்றார். நாச்சிமுத்து கேட்டதே இல்லாத விலைகள் காதில் விழுந்தன. ஈரோட்டுச் சந்தையில் நாள் முழுக்கக் கத்தினாலும் படியாத விலைகள். ஒரு தரம் வாயைத் திறந்தார். குளத்தோரம் தங்கை, கையால் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இங்கிருந்தே தெரிந்தது. வாயை மூடி, கையெடுத்துக் கும்பிட்டார்.

"கெளம்புங்க சாமி. என்னைக் கொல்லாதீங்க."

இரண்டு வண்டிகளும் போன பிறகும் கொஞ்ச நேரம் புழுதியையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பிவந்து வலையைப் பிரித்தார்.

அன்று சாயங்காலம் மாத்திரை டப்பியைத் தேடினார். காணவில்லை. குளத்தம்மா இடுப்பில் செருகி வைத்திருந்தார்.

"தெனம் காலையில ஒண்ணு தருவேன்," என்றார்.

"ஒண்ணுங்களா? மணிக்கொரு தரம் பாத்தாத்தானுங்களே..."

"பாத்தா குறையுமா?"

ஒரு மாத்திரையில் நாள் ஓட வேண்டியிருந்தது. நாச்சிமுத்துவால் உட்கார முடியவில்லை. குளத்தைச் சுற்றினார். எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். ஃபில்டர் அறையைக் கூட்டினார். கொட்டகையில் லிக்விட் கேன்களுக்கும் பவுடர் மூட்டைக்கும் நடுவில் நின்ற, டைல்ஸ் தேய்க்கிற ஆசிட் கேனை, மருந்தோடு சேர்ந்தால் விஷப்புகை வரும் என்று குளத்தம்மா தனியே எடுத்து வைக்கச் சொல்ல, அதை மூன்று இடம் மாற்றி வைத்தார். மேகம் ஒன்று வந்து வெயிலை மறைத்தால் அண்ணாந்து பார்த்து வைதார்.

"வானத்துக்கிட்டயும் பேரம் பேசறியாண்ணா?" என்றாள் பாவாத்தாள்.

"நீ காலத் தேய்."

"தேச்சுட்டுத்தான் இருக்கறேன். வேண்டாம்னு சொல்லிட்டு நடந்து பாரேன். மேகம் பின்னாலயே கூப்புடும்."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தும் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது. இரவில் அவள் கட்டிலில் புரளும்போது மூட்டு சொடுக்குகிற சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். கொட்டகையில் கேன்கள் வரிசையாக இருந்தன. குளத்தில் எதையாவது போடவேண்டும்போல் கை துறுதுறுத்தது. கையை வெளுத்த துண்டில் சுற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை ஒரு மாத்திரை. இந்தத் தடவை அவர் கண்ணை எடுக்கவில்லை. மாத்திரை விழுந்ததும் இளஞ்சிவப்பாய் ஒன்று மின்னி மறைந்தது. தங்கை சொன்னது சரிதான். அதற்கடுத்த காலை அந்தச் சிவப்பு கொஞ்சம் தங்கி நின்று போனது. அவர் மூச்சுவிடாமல் பார்த்தார். பிறகு ஒரு காலை, போகாமல் பீட்ரூட்டாய் நின்றது. குதித்துக்கொண்டு ஓடினார்.

"இன்னும் ஜாஸ்தி," என்றார் குளத்தம்மா.

மறுபடி சுற்றினார்.

ஒரு காலை குழாயில் அரளி பூத்தது.

நாச்சிமுத்து அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேலியோரம் அரளிச்செடி நின்றது. போய் ஒரு பூவைப் பறித்துக் குழாய்க்கு அருகில் வைத்துப் பார்த்தார். தங்கையிடம் காட்டினார். குளத்தம்மாவிடம் காட்டினார். அவர் தலையை ஆட்டினார்.

"போட்டவர் முதல்ல."

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. முகத்தைத் தண்ணீரில் முக்கி எடுத்தார். கண் எரியவில்லை. துண்டில் மிச்சமிருந்த பச்சை ஓரத்தைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பச்சை பச்சையாகவே இருந்தது.

"வா அம்மிணி," என்றார்.

பாவாத்தாள் கம்பியைப் பிடித்து இறங்கினாள். முதல் எட்டில் முகம் சுருங்கியது. கால் நீள மறுத்தது. குளத்தம்மா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், இறங்கவில்லை. நாச்சிமுத்து தங்கையைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தி, அப்படியே வைத்துக்கொண்டார். வேண்டுமென்றால் அவள் பிடித்துக்கொள்ளட்டும் என்பதுபோல.

அவள் பிடிக்கவில்லை. இரண்டாவது எட்டு வைத்தாள். மூன்றாவது வைத்தாள். குளத்தின் அந்தக் கோடிவரை போய்ச் சுவரைத் தொட்டு, திரும்பி, "என்னண்ணா, நின்னுட்டே?" என்றாள்.

நாச்சிமுத்து கரைக்கு வந்து படியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. நடந்தது அவரல்ல, ஆனாலும் வாங்கியது. பிறகு அடக்கமாட்டாமல் தலையைத் தூக்கினார்.

"இப்பவாச்சும் சொல்லுங்கம்மா. லிக்விடுங்களா, பவுடருங்களா?"

"லிக்விட்," என்றார் குளத்தம்மா உடனே. "நம்ம தண்ணியில ஏற்கனவே சுண்ணாம்பு இருக்கு. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி நிழல்ல வைங்க. பொழுது சாஞ்சு ஊத்துங்க. கேன் வராத நாளுக்குன்னு கொஞ்சம் பவுடர் தனியா, ஈரம் படாம இருக்கட்டும். அதை வாளித் தண்ணியில போட்டுக் கரைச்சு, தெளிஞ்சதை மட்டும் ஊத்துங்க."

நாச்சிமுத்து அவரையே பார்த்தார்.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான்."

அவருக்குள் பழைய சூடு ஏறியது. ஈரத்தோடு எழுந்து நின்றார்.

"நான் அன்னைக்கே போன்ல கேட்டனுங்களே. இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே சொல்லியிருந்தா, எந் தங்கச்சி ஒரு நாளாச்சும் முன்னால நடந்திருக்குமுங்களே. ஏனுங்கம்மா சொல்லல?"

குளத்தம்மா மாத்திரை டப்பியை இடுப்பிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தார்.

"சொல்லியிருந்தா ரெண்டு லோடும் அதையே இறக்கியிருப்பீங்க."